மாணிக்கத்தைக் காப்பாற்றாத கடவுள்

அன்புள்ள அப்பு,

உன் கல்யாண அழைப்பிதழ் கிடைத்தது. நல்ல தாளில் தெளிவாக அச்சடித்திருக்கிறாய். மேலே சிலுவை இல்லை. ஞானஸ்நானத்தில் நாங்கள் வைத்த ஜெபராஜ் என்ற பெயரும் இல்லை. அறிவரசு என்று இருக்கிறது. உன் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்குப் பெயரில் பெரிய வருத்தம் இல்லை. பிறந்த நாளிலிருந்து உன்னை நான் அப்பு என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். அதை எந்த அச்சகத்தாலும் மாற்ற முடியாது.

என்னைத் தைத்தது, அழைப்பிதழோடு நீ வைத்து அனுப்பிய கடிதம்தான். கோயிலில் கல்யாணம் வேண்டாம், மந்திரமும் ஜெபமும் வேண்டாம், மாலை மாற்றிக்கொண்டால் போதும், இப்போது சட்டமும் அதை ஒப்புக்கொண்டுவிட்டது என்று எழுதியிருந்தாய். அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். கடைசியில் எழுதியிருந்தாயே, "மாணிக்கம் மாமாவைக் காப்பாற்றாத கடவுள் அவர் மகள் கல்யாணத்துக்கு வர வேண்டாம்" என்று, அந்த வரியை நான் பலமுறை படித்தேன். நீ கோபத்தில் எழுதியிருந்தால் பதில் எழுதியிருக்க மாட்டேன். நீ கட்டிக்கொள்ளப்போகும் தமிழரசியின் மீது வைத்திருக்கும் பிரியத்தில், அவளுக்கு முகம்கூட நினைவில் இல்லாத அப்பாவுக்குச் செய்யும் மரியாதையாக எழுதியிருக்கிறாய். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்கு முன்னாலேயே இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் மாணிக்கம் செத்துப்போன அந்தக் கிணற்றுக்குள் என்ன நடந்தது என்பதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. நீ அப்போது வத்தலக்குண்டில் உன் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு நீ வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

நானும் மாணிக்கமும் சேர்ந்து கிணறு வெட்டினோம். மழை பொய்த்த காலம் அது. திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் பார்த்தாலும் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தச் சொல்லி ஆள் வந்துகொண்டே இருந்தது. நம் பக்கத்து மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே பாறை. பாறையில் துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைத்து வெடிக்க வேண்டும். துளை போடுவது நான், மருந்து வைப்பது அவன். அவன் கை வைத்த வெடி தப்பியதில்லை. கறுப்புச் சட்டைதான் போடுவான். சின்ன வயதில் ஊர் அம்மன் கோயில் வாசலில் அவனைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு உள்ளே போகாதவன், பிறகு போகச் சொல்லி யார் கூப்பிட்டாலும் போகவில்லை. தனிக் குவளை வைத்திருக்கும் டீக்கடையில் தாகத்தில் நா வறண்டாலும் குடிக்க மாட்டான். எனக்கும் அங்கே குடிக்கப் பிடிக்காமல் போனது அவனால்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எங்களுக்கு வெஞ்சனமே இந்தச் சாமி விவகாரம்தான்.

"ஏன் மாப்ளே, தெனமும் ஜெபம் பண்ணிட்டுத்தேன் கெணத்துல எறங்குற. அப்பறம் வெடி எதுக்கு? ஜெபத்துலயே பாறை ஒடையாதா?"

"பாறைய ஒடைக்கத்தேன் வெடி. கை நடுங்காம இருக்க ஜெபம்."

"எங் கை நடுங்கலையே!"

"ஒனக்கும் சேத்துத்தேன் நான் பண்றேன்."

அவன் சிரிக்கிற சிரிப்பில் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருக்கும் காக்கைகள் பறக்கும். ஆனால் ஒருநாள் சிரிக்காமல் கேட்டான். "ஒங்க கோயில்லயும் எங்காளுக ஒரு ஓரமாத்தேன ஒக்காருறாக? அந்தச் சாமியும் பாத்துக்கிட்டுத்தேன இருக்காரு?" சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்பு, கடவுளுக்கு எதிராக நீ சொல்வதில் பாதி, கடவுளின் பேரைச் சொல்லிக்கொண்டு நாங்கள் செய்ததைப் பற்றியது. அந்தப் பாதிக்கு நான் வழக்காட வரவில்லை. அது உண்மை.

அகரத்தில் ஒரு விவசாயியின் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். மேலே பாதி மண், கீழே பாறை. காலந்தப்பி இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் வெயில் அடித்ததும், உடைந்து கிடந்த கல்லை அள்ள நாங்கள் இருவரும் இறங்கினோம். கூடையைக் கட்டி மேலே அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். தலைக்கு மேலே வானம் வட்டமாகத் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு தெரியவில்லை. மேல்மண் மொத்தமாகச் சரிந்து வந்தது. ஏதோ ஒரு பெரிய மிருகம் எங்கள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தால் புழுதி. பகலிலே இருட்டு. நெஞ்சு வரைக்கும் மண்ணுக்குள் இருந்தேன். மூச்சை இழுத்தால் உள்ளே போகிற காற்றைவிட மண் அதிகம்.

"மாப்ளே, இருக்கியா?" அவன் குரல் பக்கத்திலிருந்து வந்தது.

"இருக்கேன்."

"கை அசையுதா?"

"அசையுது. ஒனக்கு?"

"கையெல்லாம் இருக்கு. காலத்தேன் காணோம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். அவன் கால்கள்மேல் ஒரு பாறை கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஏலே, ஜெபம் பண்ணு" என்றான்.

"நீதேன் நம்பமாட்டியே."

"நம்பாட்டி என்ன. ஒங் கொரலு கேட்டுக்கிட்டே இருக்கட்டும். இருட்டா இருக்கு."

அப்பு, நான் வாயைத் திறந்தேன். சின்ன வயதிலிருந்து மனப்பாடம் செய்த ஜெபங்கள், சபையில் எழுந்து நின்று கண்ணை மூடி நான் அடுக்கிய வார்த்தைகள், ஒன்றுகூட வரவில்லை. நாக்கு கல்லாகிவிட்டது. தினமும் ஜெபித்துவிட்டு இறங்கியவன் நான். தேவைப்பட்ட நேரத்தில் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவன் காத்திருந்தான். பிறகு, "சரி, வராட்டி விடு. நான் பேசுறேன்" என்றான்.

அவன் தமிழரசியைப் பற்றிப் பேசினான். அவள் அப்போதுதான் நன்றாக நடக்கத் தொடங்கியிருந்தாள். அவனுடைய செருப்புக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்து வருகிறாளாம், விழுந்தால் செருப்பை அடிக்கிறாளாம். அவளைப் பெரிய படிப்புப் படிக்க வைக்க வேண்டும் என்றான். வலியில் நடுநடுவே அவன் பேச்சு நின்றது. நின்ற இடத்திலிருந்தே மறுபடியும் தொடங்கினான். அவன் பேசியது எனக்காகத்தான். என் மூச்சு நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

அந்த வழியாகத் தோல் ஏற்றிக்கொண்டு வந்த லாரியை மேலே இருந்தவர்கள் நிறுத்தியிருக்கிறார்கள். ஓட்டி வந்தவர் பேகம்பூர் காதர் பாய். உனக்கு அவரைத் தெரியும், நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தருவாரே, அவரேதான். அதற்கு முன்பு எங்களை அவர் பார்த்ததுகூட இல்லை. லாரிக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சரிந்துகொண்டிருந்த கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். முதலில் மாணிக்கத்திடம்தான் போனார்.

"என்னைய விடு பாய்" என்றான் மாணிக்கம். "எங் கால் மேல கெடக்குற கல்லை ஒராளால அசைக்க முடியாது. அவன் மண்ணுக்குள்ளதேன் இருக்கான், தோண்டுனா வந்துருவான். அவன மொதல்ல மேல ஏத்து. வெரசா ஏத்து, இன்னும் மண்ணு தொங்குது."

"ஒங்களை விட்டுட்டு எப்படிண்ணே..."

"அட, போய் ஆளையும் கடப்பாரையையும் கூட்டிக்கிட்டு வா. நான் எங்கயும் போகமாட்டேன்."

காதர் பாய் வெறுங்கையால் என்னைத் தோண்டி எடுத்தார். அவர் நகங்கள் பிய்ந்து போயின. கயிற்றைக் கட்டும்போது மாணிக்கத்தைப் பார்த்தேன். போ என்று தலையை ஆட்டினான். என்னை மேலே இழுத்தார்கள், பின்னாலேயே பாயும் ஏறினார். கடப்பாரையோடு ஆட்கள் இறங்கத் தயாரானபோது மறுபக்கத்துச் சுவரும் உள்ளே போய்விட்டது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு அவன் உடலைத்தான் மேலே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்ததும் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். நம் சகோதரனைக் குழியிலிருந்து தேவன் தூக்கியெடுத்தார் என்று போதகர் சொன்னார். என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நான் ஏதோ சொன்னேன். எல்லாரும் அழுதார்கள். வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் மாணிக்கத்தின் மனைவி செல்லம்மா, தமிழரசியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். அவள் சண்டைக்கு வரவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அண்ணே, ஒங்க சாமி ஒங்களைத் தூக்குச்சுன்னு உள்ள சொன்னாக. அப்ப எங்க வீட்டுக்காரரைப் போட்டது யாரு?"

போதகர் நல்ல மனிதர். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "கடைசி நிமிஷத்துல அவரும் ஆண்டவரைக் கூப்பிட்டிருக்கலாம் அம்மா" என்றார். நான்தான் மறித்தேன். "இல்லய்யா. அவன் கூப்பிடல. நான் பக்கத்துல இருந்தேன்." செத்துப்போனவனை அவன் அனுமதி இல்லாமல் நம் பக்கம் இழுத்துக்கொள்வது எனக்குத் திருட்டாகப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மாணிக்கம் வைத்திருந்த சின்னச் சின்னப் புத்தகங்களைச் செல்லம்மாவிடம் வாங்கி வந்து படித்தேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் கறுப்புச் சட்டைக்காரர்கள் கூட்டம் நடந்தால் போய் நிற்பேன். அவர்கள் பேசியதில் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கடவுள் இல்லை என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். முதலில் அது ஒரு விடுதலையாக இருந்தது. என்னை மட்டும் தூக்கிவிட்டு அவனைக் கைவிட்ட ஒருவர் மேலே இல்லை. யாரும் யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. மழையில் நனைந்த மண் சரிந்தது, அவ்வளவுதான். உன் அம்மா என்னோடு வாதாடவில்லை. சனிக்கிழமைதோறும் என் வெள்ளை வேட்டியைத் துவைத்து மடித்து வைப்பாள்; ஞாயிறு காலையில் தனியாகப் போய்விட்டு வருவாள்.

ஆனால் என் கோபம் தீரவில்லை, அப்பு. அங்கேதான் சிக்கிக்கொண்டேன். மண் சரிந்தது அவ்வளவுதான் என்றால், நான் ஏன் அநியாயம், அநியாயம் என்று புலம்பிக்கொண்டிருக்கிறேன்? மேட்டிலிருந்து உருண்டு வருகிற கல்லை யாராவது அநியாயக் கல் என்று சொல்வார்களா? கல்லுக்கு நியாயம் தெரியாது. நியாயம் என்று ஒன்று நம்மைவிடப் பெரியதாக இருந்தால்தான் அநியாயம் என்று கத்த முடியும். மனிதன் தன் வசதிக்கு வைத்துக்கொண்டதுதான் நியாயம் என்று அந்தப் புத்தகங்களில் படித்தேன். படித்துவிட்டு மாணிக்கத்தை நினைத்தால், என் எலும்பெல்லாம் இல்லை என்று சொன்னது. நான் யாரிடமோ வழக்காடிக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாத வீட்டுக் கதவை யாரும் அவ்வளவு நாள் தட்ட மாட்டார்கள்.

இந்த நிலையில்தான் செல்லம்மா ஆள் அனுப்பினாள். அகரத்துக்காரர் அந்தக் கிணற்றை மூடப்போகிறாராம். சாவு விழுந்த கிணறு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

"மூட விடாதீக அண்ணே" என்றாள். "தண்ணி வரும்னு சொல்லித்தேன் அந்த மனுசன் எறங்குனாரு. அம்புட்டுப் பாடுபட்டு, மண்ணை அள்ளிப் போட்டு மூடுனா என்ன அர்த்தம்? நீங்க வெட்டுங்க."

காதர் பாயைக் கூட்டிக்கொண்டு போய் அந்த விவசாயியிடம் பேசினேன். அரை மனதாகச் சம்மதித்தார். மேல்மண்ணைச் சுற்றிலும் கல் வைத்துக் கட்டிய பிறகு நான் மறுபடியும் இறங்கினேன். அடிக்குப் போனதும் உட்கார்ந்துவிட்டேன். மேலே ஆட்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். அவன் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு வராத வாய் திறந்துகொண்டது. வந்தது ஜெபம் இல்லை. வசவு. சபையில் சொல்ல முடியாத வார்த்தைகளால் கடவுளை ஏசினேன். ஏன் அவனை விட்டாய், நான் என்ன உசத்தி, ஒரு சின்னப் பிள்ளையின் அப்பனைப் பிடுங்கி உனக்கு என்ன கிடைத்தது என்று கத்தினேன். பாறையில் பட்டு என் குரலே திரும்பி வந்தது. பதில் ஒன்றும் இல்லை. ஒளி தோன்றவில்லை, அசரீரி கேட்கவில்லை. ஆனால் கத்தி ஓய்ந்த பிறகு ஒன்று தெரிந்தது. தன் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டுவிட்டார் என்கிறவனின் அமைதி எனக்குள் இருந்தது. என் ஏச்சைத் தடுக்காமல், திருப்பி அடிக்காமல், கடைசி வரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். இதை என்னால் நிரூபிக்க முடியாது. நீ என் மனப்பிரமை என்று சொல்லலாம். உன் அம்மா என்மேல் வைத்திருக்கும் பிரியத்தையும் நான் நிரூபித்ததில்லை. ஆனாலும் அதை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறேன்.

சில வாரங்களில் அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்தது. கொஞ்சம் உப்பு. அதை நான் அற்புதம் என்று சொல்ல மாட்டேன். பாறைக்குள் ஊற்று இருந்தது, வெட்டினோம், வந்தது.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை, மடித்து வைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சிலுவையில் தொங்கியவர், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று வானத்தைப் பார்த்துக் கதறியதைப் படித்தார்கள். பிறந்ததிலிருந்து கேட்டுவருகிற கதை. ஆனால் அவருக்கும் பதில் வரவில்லை என்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. அதுவரை என் மனதிலிருந்த கடவுள், கிணற்றுமேட்டில் கயிறோடு நின்றுகொண்டு, இவனைத் தூக்கலாம், அவனை விடலாம் என்று தீர்ப்புச் சொல்பவர். அவரை நீ நம்ப மாட்டேன் என்றால், நானும் நம்பவில்லை. அன்று நான் கண்டவர் கிணற்றின் அடியில் இருந்தார், மண்ணுக்குள், மாணிக்கத்தின் பக்கத்தில். மாமாவைக் காப்பாற்றாத கடவுள் என்று எழுதியிருக்கிறாய். நான் நம்புகிறவர் தன்னையே காப்பாற்றிக்கொள்ளாதவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடவுள் இல்லாமலே மாமா அவ்வளவு நல்லவராக இருந்தாரே என்று நீ கேட்பாய். இருந்தான். எங்கள் சபையில் யாரும் செய்யாததைச் செய்தான். மேலுலகத்தில் கூலி கிடைக்கும் என்று நினைத்துச் செய்யவில்லை. அதனால் அது இன்னும் சுத்தமானது. நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மண் சரிந்ததும், அவன் "அவன மொதல்ல ஏத்து" என்றதும் ஒரே உலகத்தில் அடுத்தடுத்து நடந்த இரண்டு சங்கதிகள்தான், ஒன்றைவிட ஒன்று பெரியதில்லை, இரண்டும் காலப்போக்கில் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால், என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த வார்த்தை இந்த உலகத்தின் அடி ஆழத்திலிருந்து வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெறும் கல்லும் மண்ணும் அதைப் பெற்றெடுத்திருக்க முடியாது. இதைக் கேட்டால் மாணிக்கம், "ஏலே, எங் கணக்கையும் ஒஞ் சாமி பேர்ல எழுதிட்டியா?" என்று சிரிப்பான். சிரிக்கட்டும். அவனோடு வாதாடி நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

கல்யாண மேடையில் நான் உட்காரக் கூடாது என்று இப்போதைய போதகர் சொல்லி அனுப்பினார். உட்காருவேன் என்று பதில் சொல்லிவிட்டேன். என்ன பேசுவது என்று கேட்கச் செல்லம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். "அவரு கடைசியா என்ன பேசுனாருன்னு சொல்லுங்கண்ணே, எம்மக கேக்கட்டும்" என்றாள். அந்தச் செருப்புக் கதையை நான் அவளிடமும் இதுவரை சொன்னதில்லை. மேடையில் அதைச் சொல்வேன். அது மாணிக்கத்தின் மேடை. அங்கே என் விசுவாசத்தைப் பிரசங்கம் செய்ய மாட்டேன். உன் அம்மா வரமாட்டேன் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் நேற்றுச் சின்னாளபட்டிக்குப் போய் மருமகளுக்குச் சுங்குடிச் சேலை எடுத்து வந்து, கரை அகலமாக இருக்கிறதா என்று என்னிடம் மூன்று தரம் கேட்டாள். வந்துவிடுவாள்.

நீ நம்ப வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். அப்பனுக்காக நம்புகிறவனின் நம்பிக்கை அப்பனோடு போய்விடும். ஒன்று மட்டும் கேட்கிறேன். மாணிக்கத்தை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வியை எனக்கு எழுதியிருக்கிறாய். அது எனக்குரிய கேள்வி இல்லை. ஆள் இல்லாத ஓர் இடத்தில் நின்று, அவரிடமே நேராகக் கேள். மரியாதை பார்க்காதே, நான் பார்க்கவில்லை. அவர் இல்லையென்றால் உனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கேட்டுப் பதில் வராவிட்டால், கோபத்தோடு இங்கே வா. எனக்கும் இன்னும் பதில் வரவில்லை, அப்பு. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா